யோசனைக்காரர்கள் நிற்கும் பக்கம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. டிராக்டரின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் இருக்கும். திறந்து பார்த்தவர்கள்தான் யாருமில்லை. எல்லோரும் ‘மெல்ல’ என்றே கூப்பிட்டார்கள். பாரம் தூக்கி இறக்குகிற தொழிலில் நாள் முழுக்க அவன் வாயில் புரள்கிற சொல் அது ஒன்றுதான். கடப்பாரையை நெம்பும்போது மெல்ல, சங்கிலியை இழுக்கும்போது மெல்ல, டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது மெல்ல மெல்ல. வீட்டில் மனைவி சோற்றுத் தட்டைக் கீழே வைக்கும்போதுகூட வாய் தவறி அதையே சொல்லிவிட்டு, “இதென்ன தட்டா, பீரோவா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

வயது ஐம்பத்திரண்டு. ஆளைப் பார்த்தால் பாரம் தூக்குகிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாரத்தோடு சேர்த்து இவனையும் யாராவது தூக்கிவிட வேண்டுமோ என்றுதான் தோன்றும். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், சட்டை இரண்டு பேருக்குத் தைத்த மாதிரி தொங்கும். ஆனால் அந்தச் சட்டைக்குள் இருந்துகொண்டு அவன் இடம் மாற்றிய இரும்பைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சின்னப் பாலம் கட்டலாம்.

அவனுடைய டிராக்டரும் அவனைப் போலத்தான். இருபத்திரண்டு குதிரைசக்தி. பழத்தோட்டத்தில் மருந்தடிப்பதற்காக யாரோ வாங்கி, யாரோ அலுத்துப்போய், கடைசியில் இவன் கைக்கு வந்தது. ஒரு கண்தான் எரியும். சீட்டு ஏதோ ஒரு பஸ்ஸில் இருந்தது. பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். ஸ்டார்ட்டர் செத்து ஒன்பது வருஷமாகிறது. வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருளவிட்டு, கியரில் போட்டுத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஆகவே சமதரையில் எஞ்சினை அணைப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தான். வாழ்க்கையில் அவன் விடாமல் கடைப்பிடித்த கொள்கை அது ஒன்றுதான். டீ குடிப்பது, சாப்பிடுவது, ஒருமுறை முடிவெட்டிக்கொண்டது உட்பட எல்லாமே எஞ்சின் ஓட ஓடத்தான். ஸ்டார்ட்டரை மாற்றேன் என்று சொன்னவர்களிடம், “அது பாட்டுக்கு ஓடுது, அதைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?” என்றான்.

வீடு பார்த்ததும் வண்டிக்காகத்தான். தெரு சரிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான், வீட்டுக்குள் போகவேயில்லை. உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, தெரு மட்டுமல்ல, தரையும் சரிவு. மனைவி கையிலிருந்து நழுவிய வெங்காயம் சமையலறையிலிருந்து கிளம்பி வாசற்படி வரைக்கும் வந்துதான் ஓயும். கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் செங்கல் வைத்திருந்தாள். “உங்க வண்டிக்கு வாக்கப்பட்டிருக்கேன்” என்று அவள் சொல்வது கோபத்திலா வேடிக்கையிலா என்று அவன் யோசித்ததில்லை. அவள் எது சொன்னாலும் அவனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “ம்.” பகலெல்லாம் எஞ்சின் சத்தத்தில் ஊறிய காது, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும். அவளும் அந்த ‘ம்’மை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள்.

இளம் வயதில் அவன் எடைமேடையில் வேலை பார்த்தான். லாரி வந்து மேடையில் ஏறும், முள் ஆடி நிற்கும், இவன் எழுதுவான். ஆறு வருஷம் இதே வேலை. பொழுது போகாமல், முள் நிற்பதற்கு முன்னால் எடையைத் தானே சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான். முதல் வருஷம் கேலிக்கூத்து. மூன்றாம் வருஷம் லாரியின் வில்பட்டை எவ்வளவு அமுங்குகிறது, டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்தே ஏறக்குறையச் சொன்னான். ஆறாம் வருஷம் இவன் சொன்னதும் முள் காட்டியதும் ஒத்துப்போகவில்லை என்றால் லாரிக்காரர்கள் முள்ளைச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் எண்கள் தானாக மின்னுகிற பெட்டி ஒன்று வந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, டீயும் கேட்காது. இவனை அனுப்பிவிட்டார்கள். டிராக்டர் வந்தது அதற்கப்புறம்தான்.

எடை சொல்கிற புத்தி கைக்கு இறங்கியது. ஒரு பாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அதன் மூலைக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து ஒரு விரற்கடை நெம்புவான். கண்ணை மூடுவான். “எழுநூத்தி நாப்பது” என்பான். சரியாக இருக்கும். முன்பெல்லாம் நாலு மூலையிலும் நெம்பிப் பார்த்து, நாலையும் கூட்டித்தான் சொல்வான். பேர் கிடைத்த பிறகு ஒரு மூலையோடு நிறுத்திக்கொண்டான். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒரே நெம்பில் சொல்வதுதான் பிடித்திருந்தது. அவனுக்கும்தான்.

அவன் ஏற்றாதது இல்லை. பல் மருத்துவரின் நாற்காலி, பள்ளிக்கூட மணி, மாடியிலிருந்து இறங்க மறுத்த குளியல் தொட்டி. ஒரு வக்கீலின் சட்டப் புத்தகங்கள் ஒன்றரை டன். ஒன்றைக்கூடத் திறந்த அடையாளம் இல்லை. ஒரு வங்கியின் இரும்புப் பெட்டியை ஏற்றினபோது நாலு காவலர்கள் துப்பாக்கியோடு கூடவே நடந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று கடப்பாரை வைத்த உடனே இவனுக்குத் தெரிந்துவிட்டது. பாவம், காவலர்கள் மனசு நோகுமே என்று வாயைத் திறக்கவில்லை. யாரென்றே யாருக்கும் நினைவில்லாத ஒரு பெரிய மனிதரின் சிலையை மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறான். கையை நீட்டிக்கொண்டிருக்கும் சிலை. டிரெய்லரில் போகிறபோது அது ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் சுட்டிக்காட்டிக்கொண்டே போனது. அன்றைக்குத் தெருவில் பலபேர் காரணமில்லாமல் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பாரம் தூக்குகிற இடத்தில் பாரத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: யோசனை. இரும்பு தரையைவிட்டுக் கிளம்பினால் போதும், எங்கிருந்தோ பத்துப் பேர் வந்துவிடுவார்கள். வாழ்க்கையில் ஒரு தேங்காய் மூட்டையைக்கூடத் தூக்காதவர்கள் “இடது பக்கம் கொஞ்சம் விடுங்க”, “கயிறு பத்தாதுங்க” என்று ஆரம்பிப்பார்கள். இதற்கு மெல்ல ஒரு வைத்தியம் வைத்திருந்தான். தூக்குவதற்கு முன்னால் பாரத்தின் ஒரு பக்கத்தைக் கையால் காட்டி, சத்தமாகச் சொல்வான்:

“யோசனை சொல்றவங்கல்லாம் தயவு செஞ்சு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. விழுந்தா இந்தப் பக்கம்தான் விழும்.”

அவ்வளவுதான். ஊர் அமைதியாகிவிடும். பேராசிரியர், போலீஸ்காரர், வார்டு உறுப்பினர் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு ‘யோசனைப் பக்கம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இருபது வருஷத்தில் அங்கே போய் நின்றவர்கள் யாருமில்லை.

இதில் அவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. அவன் காட்டுகிற பக்கம் விழாத பக்கம். பாரம் சரிந்தால் எந்தப் பக்கம் சரியும் என்று பார்த்துக்கொண்டு அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைத்தான் கை காட்டுவான். ஏதாவது ஒரு முட்டாள் வீம்புக்குப் போய் நின்றுவிட்டால்? ஒரு யோசனைக்காகவெல்லாம் யாரும் சாக வேண்டியதில்லை என்பது அவன் எண்ணம். விழுகிற பக்கத்தில் கூட்டம் போய் நிற்காதபடி அங்கே கயிறு கட்டிவிட்டு, ‘சாமான் வைக்கிற இடம்’ என்று சொல்லிவிடுவான். கூடவே வேலை செய்கிற மச்சானுக்குக்கூட இது தெரியாது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, நாற்பத்தைந்து வயது, வேலையில் பாதி, பேச்சில் முழுசு. அவன் பன்னிரண்டு வருஷமாக யோசனைப் பக்கத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

மனைவி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து வெளுத்துப் போகும். பதினெட்டுப் பெண்கள், அவர்களில் மூத்தவள் இவள். அங்கே பெரிய மெஷின் ஒன்று இருந்தது, தாட்டியான இரும்பு. சுற்றும்போது கட்டடமே ஆடும், திடீரென்று உறுமும், நேரம் கெட்ட நேரத்தில் தண்ணீரைத் துப்பும், எவ்வளவு செய்தாலும் திருப்தி கிடையாது. பெண்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்ற நாலு மெஷின்களும் சேர்ந்து துவைப்பதைவிட மாமியார் ஒருத்தியே அதிகம் துவைப்பாள்.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஆனது. தெருவின் சரிவில் இறங்கி, சமதரையில் கொஞ்ச தூரம் போனால் புது இடம். மற்ற மெஷின்கள் போய்விட்டன. மாமியார்தான் பாக்கி. முதலாளி மேனேஜரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்: அந்த மெஷின் உடைந்தால் இன்னொன்று வாங்குவதாக இல்லை, கூடத்தை மூடிவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பதினெட்டுப் பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். மனைவிக்கு ஐம்பது ஆகப் போகிறது. அந்த வயதில் புதிதாக எங்கே போய் நிற்பாள்? மேனேஜர் மெல்லவைக் கூப்பிட்டு விட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் சாப்பிடும்போது மனைவி அவனிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவன் “ம்” என்றான். பாரம் தூக்குகிற செயின் பிளாக்குக்கு எண்ணெய் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி மாமியாரின் தலைக்கு மேலே முக்காலி மாதிரி நிறுத்தினான். உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டான். அது இரண்டு டன் தூக்கும். சங்கிலியைக் கையால் இழுத்தால் போதும், டக் டக்கென்று பல்லில் பல் விழுந்து பாரம் மேலே ஏறும், கையை விட்டாலும் கீழே வராது. மெஷின் ஒரு சாண் உயரச் சிமெண்ட் மேடையில் இருந்தது. அதைத் தூக்கி, டிரெய்லரைப் பின்னால் தள்ளி அடியில் கொடுத்து, இறக்க வேண்டும். தொழிலில் இதைவிட எளிதான வேலை கிடையாது.

கடப்பாரையை மோட்டார் இருக்கிற பின் மூலையில் கொடுத்து நெம்பினான். கண்ணை மூடினான். மனைவியைத் தவிர மற்ற பதினேழு பெண்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

“ஆயிரத்து ஐந்நூறு” என்றான்.

மச்சான் மெஷினின் முதுகில் இருந்த தகட்டைத் துடைத்துவிட்டுப் படித்தான். “மாமா, ஆயிரத்து இருநூறுன்னு அடிச்சிருக்கு.”

“தகடு பொய் சொல்லுது. என் கை சொல்லாது” என்றான் மெல்ல. பெண்கள் சிரித்தார்கள், அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முந்நூறு கிலோ எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தான். மோட்டாரைப் பழுது பார்க்கும்போது பெரியதாக மாற்றியிருப்பார்கள் என்று முடிவு கட்டினான். பின் பக்கம்தான் கனம் என்றால் கொக்கியும் பின்னால் போக வேண்டும். மெஷினைச் சுற்றிப் போட்டிருந்த பெல்ட்டை ஒரு சாண் மோட்டார் பக்கமாக நகர்த்திக் கொக்கியில் மாட்டினான்.

மேனேஜரைக் கேட்டான். “உள்ள ஒண்ணும் இல்லையே சார்?”

“நேத்தே காலி பண்ணியாச்சு” என்றார் மேனேஜர், கைபேசியைப் பார்த்தபடியே. மெஷின் கதவின் கண்ணாடியில் சோப்பு படிந்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே யானை இருந்தாலும் தெரியாது.

மெல்ல சங்கிலியைக் கையில் எடுத்தான். தொண்டையைச் செருமினான். மோட்டார் பின்னால் என்பதால் விழுந்தால் பின்னால்தான் விழும். ஆகவே முன்னால், கதவுப் பக்கத்தைக் கை காட்டினான். “யோசனை சொல்றவங்கல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. விழுந்தா இந்தப் பக்கம்தான் விழும்.”

வழக்கம்போல அமைதி. அப்போதுதான் துணி மூட்டைகளைக் கட்டிவிட்டு அவன் மனைவி உள்ளே வந்தாள். பெல்ட்டைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள்.

“ஏங்க, இருங்க. மாமியாருக்குள்ள தண்ணி இருக்கு.”

“காலின்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

“அவர் என்னைக்குத் துணி துவைச்சார்? நேத்து கடைசியா நாப்பது விரிப்பு நான்தான் போட்டேன். பாதியில கரண்ட்டைப் புடுங்கிட்டாங்க. கதவு தானாப் பூட்டிக்கிச்சு. தண்ணியும் துணியும் உள்ளதான் இருக்கு.”

மேனேஜர் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார். “எலக்ட்ரீசியன் எடுத்திருப்பாரும்மா” என்றார். எலக்ட்ரீசியன் விரிப்பு எடுப்பாரா, எடுத்து மடித்து வைப்பாரா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மெல்லவுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மற்றவர்கள் யோசனை சொன்னால் தொல்லை, கட்டிய மனைவி நாலு பேர் முன்னால் சொன்னால் அவமானம் என்று நினைக்கிற ஜாதி ஆண்களில் அவனும் ஒருவன். இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை. “யோசனை சொல்றவங்க நிக்கிற இடம் அது” என்று கதவுப் பக்கத்தைக் காட்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். நடந்து போய், மாமியாரின் கதவுக்கு முன்னால் மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இருபது வருஷத்தில் முதல் முறையாக யோசனைப் பக்கத்தில் ஒரு ஆள்.

“அக்கா, வந்துடுக்கா” என்றான் மச்சான். குரல் கீச்சென்று வந்தது.

“உன் மாமா இழுக்கட்டும். நீ உன் வேலையைப் பாரு.”

மெல்ல பதறவில்லை. அது பத்திரமான பக்கம் என்று அவனுக்குத் தெரியும். நிற்கட்டும், தூக்கிக் காட்டிவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சங்கிலியை இழுத்தான். டக். டக். டக். பெல்ட் இறுகியது. குழாய்கள் முனகின. டக். மெஷினின் பின் விளிம்பு மேடையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது.

முன் விளிம்பு எழவில்லை.

அவன் கை நின்றது. கொக்கியைப் பின்னால் தள்ளி மாட்டியிருக்கிறான். பின்னால்தான் கனம் என்றால் இரண்டு விளிம்பும் சேர்ந்து எழ வேண்டும். பின்பக்கம் மட்டும் எழுகிறதென்றால் கனம் முன்னால் இருக்கிறது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. களக் என்று, சோம்பலாக, ஏதோ ஒன்று பின்னாலிருந்து முன்னால் வந்து சாய்ந்தது.

முந்நூறு கிலோ. கை சொன்னது சரிதான், தகடு சொன்னதும் சரிதான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது தண்ணீர், நாற்பது ஈர விரிப்புகள், நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொன்னது, அவன் சொன்ன ‘ம்’. எல்லாம் ஒரே நேரத்தில் மண்டையில் ஏறியது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் முன் விளிம்பும் மேடையைவிட்டுக் கிளம்பியிருக்கும். கிளம்பின நொடியில் மாமியார் முன்னால் கவிழ்ந்து, பெல்ட்டிலிருந்து வழுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் மேல் வந்திருப்பாள். பயம் என்றால் அதுதான் பயம். அதற்கு முன்னால் அவன் பட்டதெல்லாம் வெறும் பதற்றம்.

“நகரு” என்றான்.

“மாட்டேன். யோசனை சொன்னவ இங்கதானே நிக்கணும்?”

“நகரும்மா!”

“எதுக்கு நகரணும்? நீங்க காட்டுறது எப்பவும் விழாத பக்கம்தான்னு எனக்குத் தெரியாதா? உங்களோட இருபத்தாறு வருஷம் குப்பையா கொட்டினேன்? ஒரு எறும்பு போனா வண்டியை நிறுத்துற ஆளு, மனுசனை விழுற பக்கம் நிறுத்துவீங்களா?”

பதினேழு பெண்கள், மேனேஜர், வாசலில் நின்ற தபால்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷ ரகசியம் நடுக்கூடத்தில் விழுந்து உடைந்தது. அதைப் பொறுக்க அவனுக்கு நேரமில்லை. தொங்குகிற பாரத்தை விட்டுவிட்டு நகரக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். அவன் சங்கிலியை அப்படியே விட்டான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

“இன்னைக்கு இல்ல” என்றான். “இன்னைக்கு இந்தப் பக்கம்தான் விழும். தண்ணி இருக்கு. நீ சொன்னது நிஜம்.”

அவள் மெஷினைப் பார்த்தாள். பின்னால் தூக்கி, தன்னை நோக்கித் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்த அந்த இரும்பைப் பார்த்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. வெறுங்காலோடு ஏழெட்டு அடி பின்னால் போய், துணி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

மச்சான்தான் ஆரம்பித்தான். “அப்போ பன்னெண்டு வருஷமா நான் ஓடுனதெல்லாம்?” என்றான்.

மெல்ல திரும்பப் போய் மாமியாரைப் பல் பல்லாக இறக்கினான். விளிம்பு மேடையில் உட்கார்ந்ததும் நெற்றியைத் துடைத்தான். “எப்படித் திறக்குறது?” என்று மனைவியிடம் கேட்டான். தொழில் விஷயமாக அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“கீழ ஒரு திருகு இருக்கு. கையால திருகுனா திறக்காது. செருப்பால ரெண்டு போடணும்.”

ஜோடியாக வைத்த செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்து, மாமியாரை ஓங்கி இரண்டு வைத்தாள். மற்ற பெண்களும் ஆசைப்பட்டார்கள், வாய்ப்புக் கிடைக்கவில்லை. திருகு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் முதலில் சொட்டியது, அப்புறம் பாய்ந்தது, அப்புறம் நிற்கவே இல்லை. மேனேஜரின் தோல் செருப்பை நனைத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி, தெருவில் இறங்கி ஓடியது. இவ்வளவா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேனேஜர் ஒரு அவசர அழைப்பு வந்த மாதிரி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது ஒலிக்கவே இல்லை. கதவின் பூட்டைக் கடப்பாரையால் நெம்பி, நாற்பது விரிப்புகளையும் உருவி வெளியே எடுத்தார்கள்.

அதன்பிறகு மெல்ல நாலு மூலையிலும் நெம்பினான். பேர் கிடைப்பதற்கு முன்னால் செய்த மாதிரி, ஒவ்வொன்றாக, விரல் விட்டுக் கூட்டினான். ஆயிரத்து இருநூறுக்குப் பத்துக் கிலோ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. தகட்டை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தான். கொக்கியை முன்னால் கொண்டுவந்து மாட்டினான். சங்கிலியை மனைவி கையில் கொடுத்தான்.

“நான் எதுக்கு?”

“நீதான் இழுக்கணும்” என்று சொல்லிவிட்டு, கதவுக்கு முன்னால் மூன்றடி தள்ளிப் போய் நின்றான். கையைக் கட்டப் பார்த்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டான்.

பதினெட்டு வருஷம் ஈரத் துணி பிழிந்த கை அவளுடையது. டக், டக் என்று சீராக இழுத்தாள். இரண்டு விளிம்பும் சேர்ந்து எழுந்தன. அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. “கொஞ்சம் இடது பக்கம்…” என்று ஆரம்பித்தான். பெண்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

டிரெய்லர் அடியில் வந்தது. அச்சுக்கு நேர் மேலே மாமியார் உட்கார்ந்தாள். நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினார்கள். டிராக்டர் வாசலில், சரிவில்தான் நின்றது. உருண்டு, இருமி, உயிர்த்தது. மனைவி சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அவன் கூப்பிட்டதும் இல்லை. மச்சான் சக்கரத்துக்குக் கொடுக்கக் கையில் கட்டையோடு பக்கத்தில் நடந்தான். பின்னால் பெண்கள் மூட்டைகளோடு வந்தார்கள். முதல் கியரில் சரிவு முழுக்க இறங்கி, சமதரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

புது இடத்துக்கு இன்னும் நூறடிதான் பாக்கி. அப்போது மனைவி அவன் பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

“ம்” என்று சொல்ல அவன் வாய் போனது. பாதியில் நின்றது.

பிரேக்கை மிதித்தான். கையை நீட்டி எஞ்சினை அணைத்தான்.

ஒன்பது வருஷத்தில் சமதரையில் அந்த எஞ்சின் அடங்கியது அன்றைக்குத்தான். தெருவே திடுக்கிட்டுப் போனது. “மாமா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!” என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மெல்ல மனைவியின் பக்கம் முழுசாகத் திரும்பினான். “என்ன சொன்ன? கேக்கல. மறுபடி சொல்லு.”

அவள் அவனைப் பார்த்தாள். அணைந்துபோன எஞ்சினைப் பார்த்தாள், பின்னால் ஏறியிருந்த ஆயிரத்து இருநூறு கிலோவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

“ஒண்ணுமில்லைங்க” என்றாள். “மெல்லப் போங்கன்னு சொன்னேன்.”

அவன் தலையாட்டினான். பிறகு இறங்கிப் போய், மூட்டைகளைக் கீழே போட்டுவிட்டு வந்து வண்டியைத் தள்ள ஒரு கை கொடுக்கும்படி பெண்களிடம் கேட்டான்.